காபி வேண்டாம், தராசு வேண்டும்

கருப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவ ஆசைப்படும் இளைஞருக்கு இன்று முதலில் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: டெவலப்பர் பாக்கெட்டைத் தேடி அலையாதே, இன்ஸ்டன்ட் காபி, வாஷிங் சோடா, வைட்டமின் சி மாத்திரை இருந்தால் போதும். பயிலரங்குகளில் இதைச் சொல்கிறார்கள், கல்லூரி விழாக்களில் செய்து காட்டுகிறார்கள். படம் தெரிந்ததும் கைதட்டுகிறார்கள். விடியும்போதே டிகாக்‌ஷன் மணக்கும் மைசூர் அக்ரஹாரத்துத் தெருக்களில் இந்த யோசனைக்கு எவ்வளவு கவர்ச்சி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குடகும் சிக்கமகளூரும் பக்கத்தில் இருக்கும்போது வெளிநாட்டுப் பொடிக்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்று என் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

இந்த அறிவுரை தவறு. காபியில் படம் விழாது என்று நான் சொல்லவில்லை, விழும். வீட்டு இருட்டறையில் வழக்கமான டெவலப்பருக்குப் பதிலாக வைத்துக்கொள்ளத் தக்கது காபிதான் என்பதைத்தான் மறுக்கிறேன். மலிவு என்கிறார்கள், தீங்கற்றது என்கிறார்கள், எங்கும் கிடைக்கும் என்கிறார்கள், படத்திலும் குறைவில்லை என்கிறார்கள். நான்கில் ஒன்றுகூட ஆராய்ந்து பார்த்தால் நிற்கவில்லை. இதைவிட வருத்தம் தருவது வேறொன்று: உண்மையான மாற்று எண்பது ஆண்டுகளாக அச்சில் கிடக்கிறது, அதை அந்த இளைஞரிடம் யாரும் சொல்வதில்லை.

மாற்று என்ற பெயருக்கு ஒரு டெவலப்பர் எதைச் செய்து காட்ட வேண்டும்? இன்று தந்த நெகடிவை மூன்று மாதம் கழித்தும் தர வேண்டும். ஃபிலிம் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தை, அதாவது நிழல் பகுதியின் விவரத்தை, விட்டுக்கொடுக்கக் கூடாது. கழுவும் நேரத்தை நம்பிக் குறித்துவைக்க முடிய வேண்டும். ஒரு ரோல் இறக்குமதி ஃபிலிம் வாங்க ஆயிரம் ரூபாயை ஒட்டிச் செலவாகும் காலம் இது. அந்த ரோலில் இருக்கும் 36 படங்களை மறுபடி எடுக்க முடியாது. அவற்றை ஒப்படைக்கும் திரவத்திடம் இந்த மூன்றையும் எதிர்பார்ப்பது பேராசை ஆகாது.

காபி டெவலப்பர் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தாலே பாதி தெளிவு கிடைத்துவிடும். 1995இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் புகைப்பட வேதியியல் கற்பித்த ஸ்காட் வில்லியம்ஸும் அவருடைய மாணவர்களும் வகுப்பில் செய்து பார்த்த சோதனை அது. வெள்ளி உப்பை வெள்ளியாக மாற்றும் வேலையை அன்றாடப் பொருள் ஒன்றும் செய்யும் என்று காட்ட அதைவிட நல்ல பாடம் கிடையாது. பின்னால் வந்தவர்கள் வைட்டமின் சி சேர்த்து வேகம் கூட்டினார்கள். இப்போது பரவலாகப் புழங்கும் கலவை லிட்டருக்கு நீரற்ற வாஷிங் சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், இன்ஸ்டன்ட் காபி 40 கிராம். 20 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம். வகுப்பறைப் பாடமாக இதை நானும் மதிக்கிறேன். பாடத்தை அன்றாடப் பழக்கமாக மாற்றும்போதுதான் தகராறு தொடங்குகிறது.

முதலில் காபியையே பார்ப்போம். படத்தை உருவாக்குவது காஃபின் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வேலையைச் செய்வது காபியிலுள்ள காஃபிக் அமிலமும் குளோரோஜெனிக் அமிலமும் அவற்றின் உறவுப் பொருள்களும்தான். காரமான நீரில் இவை ஒளிபட்ட வெள்ளி உப்பை வெள்ளியாக்குகின்றன. இந்த அமிலங்களின் அளவு எல்லாக் காபியிலும் ஒன்றாக இருப்பதில்லை. ரோபஸ்டாவில் அதிகம், அராபிகாவில் குறைவு. கொட்டையை எவ்வளவு கறுக்க வறுக்கிறோமோ அவ்வளவு அழிந்துபோகும். நம் நாட்டில் விற்கும் இன்ஸ்டன்ட் காபியில் பெரும்பகுதி சிக்கரி கலந்தது. காபி-சிக்கரிக் கலவையில் 51 சதவீதம் காபி இருந்தால் போதும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. ஆகவே சிக்கரி 49 சதவீதம் வரை போகலாம். வறுத்த சிக்கரி கோப்பைக்கு நிறமும் கெட்டியும் தரும், டெவலப்பருக்கு அந்த அமிலங்களைத் தராது. கடைக்காரர் நீட்டும் ஜாடி போன மாதத்து ஜாடி மாதிரியே சுவைக்கலாம். ஃபிலிமை அதே அளவு கழுவும் என்று அந்த நிறுவனம் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. அது தயாரிப்பது குடிப்பதற்கான பொருள்.

வாஷிங் சோடாவில் பிழை இன்னும் பெரிது. சோடியம் கார்பனேட் மூன்று வடிவில் கிடைக்கிறது: நீரற்ற பொடி, ஒரு பங்கு நீர் சேர்ந்த பொடி, பத்துப் பங்கு நீர் சேர்ந்த படிகம். நீரற்றதில் 54 கிராம் செய்யும் வேலைக்கு இரண்டாவதில் 63 கிராம் வேண்டும், மூன்றாவதில் 146 கிராம் வேண்டும். மளிகைக் கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் சோடா எந்த வடிவம் என்று பையில் எழுதியிருக்காது. திறந்து வைத்த படிகம் காற்றில் நீரை இழந்து நாளுக்கு நாள் எடையும் மாறும். சமையல் சோடாவை வாஷிங் சோடா என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அது பைகார்பனேட், அதன் காரம் இந்த வேலைக்குப் போதாது, ஃபிலிம் வெறுமையாகவே வெளியே வரும்.

வைட்டமின் சி மாத்திரைக்கும் இதே கதைதான். ஒரு 35 மி.மீ. ரோலுக்கு டேங்கில் ஏறக்குறைய 300 மில்லி திரவம் வேண்டும். அதற்கு 4.8 கிராம் வைட்டமின் சி, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை பத்து. சப்பிச் சாப்பிடும் மாத்திரையில் சர்க்கரையும் நிறமும் மணமும் சேர்ந்திருக்கும். பலவற்றில் அஸ்கார்பிக் அமிலத்தோடு சோடியம் அஸ்கார்பேட்டும் இருக்கும். அமிலம் சோடாவின் காரத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும், அஸ்கார்பேட் தின்னாது. ஆகவே மாத்திரையின் பிராண்டை மாற்றினால் கரைசலின் காரமும் மாறும். மூன்று பொருள்களில் ஒவ்வொன்றும் தன் போக்கில் அசையும்போது, மெலிந்த நெகடிவ் வந்தால் குற்றவாளி யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என்னிடம் காட்ட வருகிறவர்கள் முதலில் தங்கள் கேமராவைச் சந்தேகிக்கிறார்கள், பிறகு தங்களையே சந்தேகிக்கிறார்கள். காபி ஜாடியைச் சந்தேகிக்க அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கற்றுக்கொள்ள வந்த ஒருவரின் தன்னம்பிக்கையை இப்படிக் குலைப்பதுதான் எனக்கு மிகுந்த கோபத்தைத் தருகிறது.

இனி விலை. காபி மலிவு என்பவர்கள் ஒரு தடவைக் கணக்கைத்தான் போடுகிறார்கள். ஒரு ரோலுக்கு 12 கிராம் காபி, 4.8 கிராம் வைட்டமின் சி, 16 கிராம் சோடா. கலந்த அரைமணிக்குள் பயன்படுத்தியாக வேண்டும். பிறகு காற்று அதைக் கொன்றுவிடும். ஒரு லிட்டரில் மூன்று ரோல், அதுவும் அன்றைக்கே. சிக்கரி இல்லாத காபிதான் ஓரளவுக்கு நம்பத் தக்கது என்பதால் விலை கூடிய ஜாடியையே வாங்க வேண்டும். 50 கிராம் ஜாடி நான்கு ரோலில் தீர்ந்துவிடும்.

இதற்கு எதிரே டி-23 என்ற சூத்திரத்தை வையுங்கள். கோடாக் ஆய்வாளர்கள் ஹென்னும் க்ராப்ட்ரீயும் 1944இல் வெளியிட்டது. லிட்டருக்கு மெட்டால் 7.5 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம். வேறொன்றும் கிடையாது. சம பங்கு தண்ணீர் சேர்த்து ஒரு முறை பயன்படுத்திக் கொட்டிவிட்டால், ரோலுக்கு 150 மில்லி போதும். ஒரு லிட்டரில் ஆறு ரோல் கழுவலாம். 100 கிராம் மெட்டால் புட்டி ஒன்று 13 லிட்டருக்கு வரும். எண்பது ரோலுக்கு மேல். வீட்டில் படம் எடுக்கும் ஒருவருக்குச் சில வருஷக் கையிருப்பு அது. காற்றுப் புகாத பழுப்புப் புட்டியில் மெட்டால் பொடி ஆண்டுக் கணக்கில் கெடாது. கலந்த கரைசலும் புட்டி நிறைய இருந்தால் சில மாதம் தாங்கும். எண்பது ரோலுக்குக் காபி வாங்கினால் ஏறக்குறைய ஒரு கிலோ. வைட்டமின் சி மாத்திரை எண்ணூறு. எது மலிவு என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த இரண்டு பொருள்கள் எப்படிப் போதும் என்பதில்தான் இதன் அழகு இருக்கிறது. மெட்டால் வெள்ளியை வெளிக்கொணர்கிறது. மீதி மூன்று வேலையையும் சல்ஃபைட் ஒன்றே பார்க்கிறது: மெட்டாலைக் காற்றிலிருந்து காக்கிறது, மெட்டால் இயங்குவதற்கு வேண்டிய மெல்லிய காரத்தைத் தருகிறது, 100 கிராம் என்ற அடர்த்தியில் வெள்ளி உப்பின் விளிம்பைச் சற்றே கரைத்து, படத்தில் மணல் போலத் தெரியும் குருணையை மென்மையாக்குகிறது. காபிக் கலவையில் சல்ஃபைட் இல்லை. அதனால்தான் அது அரைமணியில் சாகிறது, குருணையும் முனைப்பாகத் தெரிகிறது. காபிக்காரர்கள் இதைத் தனித்தன்மை என்கிறார்கள். ஒரு வேதிப்பொருள் இல்லாததால் வரும் விளைவுக்கு வேறு பெயர் சூட்டினால் குறை மறைந்துவிடாது.

தீங்கற்றது என்ற வாதத்தைப் பொறுப்போடு எதிர்கொள்ள வேண்டும்; நம் வீடுகளில் குழந்தைகள் இருக்கிறார்கள். மெட்டால் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை தரும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. வழக்கமான டெவலப்பர் பலவற்றில் சேரும் ஹைட்ரோகுயினோன் கண்ணுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் கெடுதல். சல்ஃபைட்டின் மேல் அமிலம் பட்டால் எழும் வாயு ஆஸ்துமாக்காரரைத் தொந்தரவு செய்யும். இவற்றை மறைத்துவிட்டு என் கட்சியை வெல்ல நான் விரும்பவில்லை. ஆனால் காபிக் கலவை சமையலறைப் பொருள் என்பதாலேயே அதைச் சமையலறைப் பாத்திரத்தில் கலக்கிறார்கள், அதே கரண்டியால் கிளறுகிறார்கள், வெறும் கையால் டேங்கைக் குலுக்குகிறார்கள். 54 கிராம் வாஷிங் சோடா கரைந்த நீர் கண்ணில் தெறித்தால் காபி மணம் யாரையும் காப்பாற்றாது. ஆபத்து என்று பெயர் எழுதிய புட்டியை மனிதர் கவனமாகக் கையாள்கிறார்கள். ஆபத்தே இல்லை என்று சொல்லிக் கொடுத்த பொருளிடம் அசந்துவிடுகிறார்கள்.

சுற்றுச்சூழல் பெயரில் சொல்லப்படுவது இதைவிடத் தவறானது. வீட்டு இருட்டறையிலிருந்து சாக்கடைக்குப் போகும் கெட்ட பொருள்களில் முதல் இடம் வெள்ளிக்கு. அது டெவலப்பரில் இல்லை. டெவலப்பருக்குப் பிறகு படத்தை நிலைநிறுத்தப் பயன்படுத்திய ஹைப்போவில் இருக்கிறது. படமாக மாறாத வெள்ளி உப்பு முழுவதும் ஹைப்போவில்தான் கரைகிறது. காபியில் கழுவினாலும் வழக்கமான டெவலப்பரில் கழுவினாலும் ஹைப்போவில் சேரும் வெள்ளி ஒன்றுதான். பழைய ஹைப்போவைத் தனி வாளியில் சேர்த்து, துருப்பிடிக்கும் சாதாரண இரும்புக் கம்பளியை அதில் சில நாள் ஊறவிட்டால் வெள்ளி அதன்மேல் படிந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் சுருள் இதற்கு உதவாது. இந்த ஒரு வேலையைச் சொல்லித் தராமல், காபி இயற்கையானது என்று சொல்லி மாணவரை அனுப்பிவைப்பவர் கவலைப்பட வேண்டிய இடத்திலிருந்து அவருடைய கண்ணைத் திருப்பிவிடுகிறார்.

படத்தின் தரம். காபிக் கலவை வேகமான ஃபிலிமில் மூட்டம் போடும். ஒளி படாத இடமும் கறுக்கத் தொடங்கும். 400 வேக ஃபிலிமுக்கு லிட்டருக்கு ஒரு கிராம் பொட்டாசியம் புரோமைடு சேர்க்க வேண்டும் என்று காபி ஆதரவாளர்களின் சூத்திரமே சொல்கிறது. பொட்டாசியம் புரோமைடு எந்த மளிகைக் கடையில் கிடைக்கிறது? ரசாயனக் கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் மளிகைக் கடையோடு முடியும் என்ற வாதம் அங்கேயே முடிந்துவிட்டது. காபியின் பழுப்புக் கறை நெகடிவில் தங்குவதும் உண்டு. கறை சில படங்களுக்கு நன்மை செய்யலாம். ஆனால் அச்சிடும் நேரத்தைக் கணிக்க விடாது.

உலகத்தில் காபியில் கழுவி அருமையான படங்கள் தந்தவர்கள் இருக்கிறார்களே என்பதுதான் எதிர்க்கட்சியின் பலமான வாதம். இருக்கிறார்கள், அவர்கள் படங்களை நானும் வியந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். ஒரே பிராண்டு, ஒரே வகைக் காபியை விடுவதில்லை. மாத்திரையை விட்டுவிட்டுத் தூய அஸ்கார்பிக் அமிலப் பொடி வாங்குகிறார்கள். சோடாவை அடுப்பில் உலர்த்தி நீரற்றதாக்கி, கிராமின் பத்தில் ஒரு பங்கு வரை நிறுக்கிறார்கள். கரைசலின் காரத்தை அளக்கிறார்கள், சோதனைத் துண்டுகள் கழுவிக் குறிப்பெழுதுகிறார்கள். அவர்களுடைய வெற்றி காபி தந்த வெற்றி இல்லை, தராசு தந்த வெற்றி. தராசைப் பிடித்துவிட்ட கைக்கு, ஒவ்வொரு ஜாடியிலும் மாறும் பொருளை நிறுப்பதைவிட மாறாத பொருளை நிறுப்பது எளிது.

அடுத்து மருந்துக்கடை ரோடினால். காபியை மறுத்தவுடன் பலர் பாரசிட்டமாலுக்குத் தாவுகிறார்கள். இதற்குக் கூடுதல் மரியாதை தர வேண்டும், வேதியியல் உறுதியானது. ரோடினால் என்பது பாரா-அமினோஃபினாலை அடிப்படையாகக் கொண்டு 1891இல் ஆண்ட்ரேசன் காப்புரிமை பெற்ற, இன்றும் விற்பனையில் உள்ள டெவலப்பர். காஸ்டிக் சோடாவில் பாரசிட்டமால் உடைந்து அதே பாரா-அமினோஃபினாலைத் தருகிறது. 500 மில்லிகிராம் மாத்திரை முப்பது, சல்ஃபைட் 50 கிராம், காஸ்டிக் சோடா 20 கிராம், தண்ணீர் சேர்த்து 250 மில்லி. மூன்று நாள் ஊற வேண்டும். ஒன்றுக்கு ஐம்பது என்று நீர்த்தால் ரோலுக்கு 6 மில்லிதான். அந்தப் புட்டி பல மாதம் கெடாது. இரண்டு மாதத்துக்கு ஒரு ரோல் கழுவுகிறவருக்கு, 100 வேக ஃபிலிமில் கூர்மையை விரும்புகிறவருக்கு, இது நல்ல தேர்வு.

ஆனாலும் இதை எல்லோருக்கும் முதல் மாற்றாகச் சொல்வதை ஏற்கமாட்டேன். காஸ்டிக் சோடா தண்ணீரில் கரையும்போது கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். குளிர்ந்த தண்ணீரில் சிறிது சிறிதாகப் பொடியைப் போட வேண்டும்; பொடியின்மேல் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். உருவாகும் பாரா-அமினோஃபினால் சிறுநீரகத்துக்கு நஞ்சு. மருந்து மாத்திரையில் தொடங்கி மருந்துப் புட்டி மாதிரியான ஒன்றில் முடிகிற திரவம் வீட்டு அலமாரியில் இருப்பதே எனக்குப் பயம். மாத்திரையைச் சேர்த்துப் பிடிக்கும் மாவுப் பொருள் அடியில் சேறாகத் தங்கும், வடிகட்ட வேண்டும். வேகமான ஃபிலிமில் குருணை பெருக்கும், நிழல் விவரமும் சற்றுக் குறையும். எல்லாவற்றுக்கும் மேல், இதற்கும் சல்ஃபைட் வேண்டும். சல்ஃபைட் வாங்க ரசாயனக் கடைப் படியேறியவருக்கு டி-23 எட்ட இன்னும் ஒரு புட்டிதான் பாக்கி. அதே கடையில், அடுத்த தட்டில் இருக்கும் மெட்டால். அதை விட்டுவிட்டு மருந்துக் கடைக்கு ஓடுவதற்குக் காரணமே இல்லை.

டி-76ஐயும் வீட்டில் கலக்கலாம். 1927 முதல் உலகமெங்கும் அளவுகோலாக நிற்கும் டெவலப்பர் அது. மெட்டால் 2 கிராம், சல்ஃபைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. இல்ஃபோர்டின் ஐடி-11 இதற்கு இணையானது. விலை கூடிய மெட்டால் டி-23இல் செலவாவதில் நான்கில் ஒரு பங்குதான் இதில். ஆனால் கலந்து வைத்த டி-76இன் காரம் நாளாக ஆகக் கூடும், வேகமும் கூடும். போராக்ஸ் 8 கிராம், போரிக் அமிலம் 8 கிராம் என்று மாற்றினால் அது கட்டுக்குள் நிற்கும். போராக்ஸை நாட்டு மருந்துக்கடையில் வெண்காரம் என்று கேட்டால் தருவார்கள். பொரித்த வெண்காரத்தைத் தவிர்க்க வேண்டும். நீர் போய்விட்டதால் எடைக் கணக்குத் தவறும். மாதம் ஐந்தாறு ரோல் கழுவுகிறவருக்கு டி-76, குறைவாகக் கழுவுகிறவருக்கும் புதிதாகத் தொடங்குகிறவருக்கும் டி-23 என்பது என் தீர்ப்பு.

பாக்கெட்டை விட்டால் வேறு வழியில்லை என்று சொல்லும் பழைய கைகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் பாக்கெட்டை நம்புவதில் நியாயம் உண்டு. சீரான தரம் அதில் கிடைக்கும். ஆனால் பெரிய பாக்கெட் 3.8 லிட்டருக்கானது. பொடிகள் பயணத்தில் தனித்தனியே பிரிந்து தங்குவதால் பாதியை எடுத்துக் கலக்கவும் கூடாது. கலந்த டி-76 நிறைந்த புட்டியில் ஆறு மாதம், பாதிப் புட்டியில் இரண்டு மாதம் என்பது கோடாக்கின் கணக்கு. மாதம் ஒரு ரோல் கழுவும் வீட்டில் பெரும்பகுதி சாக்கடைக்குத்தான் போகும். கோடாக் பெயரில் வரும் இரசாயனங்களின் உரிமம் 2020க்குப் பிறகு கைமாறிக்கொண்டே வந்ததில் கடைகளில் சரக்கு வராத காலமும் இருந்தது. பொருளின் தரத்தை நம்பலாம், அதன் வரத்தை நம்ப முடியாது.

நம் ஊர்ச் சூடும் இந்த வழக்கில் ஒரு சாட்சி. மைசூர் 770 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் ஏப்ரல் மத்தியானத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் 20 டிகிரியில் வராது. டெவலப்பர் வெதுவெதுப்பானால் நேரம் குறையும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் ஃபிலிமில் சமச்சீர் கெடும். இல்ஃபோர்டின் ஹெச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு நீர்க்காத ஐடி-11இல் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். 24 டிகிரியில் ஐந்து நிமிடத்தைத் தொட்டுவிடும். சம பங்கு தண்ணீர் சேர்த்தால் 20 டிகிரியில் 13 நிமிடம். 24 டிகிரியில் ஏறக்குறைய 9 நிமிடம். பத்திரமான எல்லைக்குள் நிற்கிறது. இந்தக் கணக்கெல்லாம் ஃபிலிம் தயாரித்தவர்களே அச்சிட்டுத் தந்தது. டி-23க்கும் இதே நேரத்தை ஒட்டித் தொடங்கி, ஒன்றிரண்டு சோதனைத் துண்டில் சற்றுக் கூட்டிக் குறைத்து நிலைநிறுத்திக்கொள்ளலாம். காபிக்கு எந்தத் தயாரிப்பாளரும் அட்டவணை தரவில்லை. நம் வெயிலுக்கும் டி-23 பொருந்துகிறது: உச்சி வேளையில் வெள்ளைச் சுவரும் திண்ணை நிழலும் ஒரே படத்தில் வரும்போது, வெளிச்சப் பகுதி அடைத்துக்கொள்ளாமல் மெதுவாகக் கழுவுவது அதன் இயல்பு.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கார்பனேட் அதோடு சேர்ந்தால் வெள்ளைப் பொடியாகப் பிரிந்து ஃபிலிமில் ஒட்டும். வைட்டமின் சியோ தண்ணீரில் இரும்பும் செம்பும் இருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். காபிக் கலவையில் இந்த இரண்டு பலவீனமும் சேர்ந்திருக்கின்றன. எந்த டெவலப்பருக்கும் ஆர்.ஓ. தண்ணீரோ காய்ச்சி வடித்த தண்ணீரோ நல்லது. காபிக்கு அது இல்லாமல் முடியாது.

இப்போது உணர்ச்சி வாதத்துக்கு வருகிறேன். அதுதான் ஆழமாகப் பிடித்திருக்கிறது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960இல் நிறுவப்பட்டு, பிரெஞ்சு நிறுவனமான போஷேயின் ஒத்துழைப்போடு 1967 முதல் ஃபிலிம் தயாரித்தது. 'இந்து' என்ற அதன் பெயரை நம் தலைமுறை மறக்காது. 1990களில் நலிவுற்ற நிறுவனமாகி, பிறகு மூடப்பட்டது. மைசூரிலிருந்து பந்திப்பூர் வழியாக மலையேறினால் எட்டிவிடும் தூரத்தில் நம்முடையதென்று ஒரு ஃபிலிம் ஆலை இருந்தது, இன்று இல்லை. அது போன பிறகு நமக்கென்று மிச்சம் இருப்பது காபிதான், காபியில் கழுவுவது ஒரு சுயசார்பு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அந்த இழப்பில் எனக்கும் பங்குண்டு. ஆனால் இழந்தது என்ன என்பதில் தெளிவு வேண்டும். ஃபிலிம் பூச ஆலை வேண்டும், வீட்டில் முடியாது. டெவலப்பர் கலக்க ஆலை எந்தக் காலத்திலும் வேண்டியிருந்ததில்லை. நம் ஊர் ஸ்டுடியோக்கள் பலவற்றில் ஒரு காலத்தில் மெட்டாலும் ஹைட்ரோகுயினோனும் நிறுத்துக் கலப்பது அன்றாட வேலையாக இருந்தது. தராசும் பழுப்புப் புட்டியும் இல்லாத இருட்டறை அன்று அபூர்வம். சூத்திரம் பொதுச்சொத்து, பொருள்களை இந்திய ஆய்வக ரசாயன நிறுவனங்களே விற்கின்றன. சுயசார்பு என்று ஒன்று உண்டென்றால் அந்த ஸ்டுடியோக்காரர்களின் கைப்பழக்கத்தில் உண்டு. அமெரிக்க வகுப்பறையில் பிறந்த காபிக் கலவையை நம் மரபு என்று சொல்வதும், நம் ஸ்டுடியோக்களின் தராசை அந்நியம் என்று ஒதுக்குவதும் வரலாற்றைத் தலைகீழாக்குவது.

பிழையும் எதிர்பாராததும்தான் கலை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எதிர்பாராததை வரவேற்கலாம். அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, எதிர்பார்த்ததைக் கொண்டுவரத் தெரிந்தவருக்குத்தான் இருக்கிறது. டி.எஸ். சத்யன் 1923இல் பிறந்ததும் 2009இல் மறைந்ததும் இந்த மைசூரில்தான். அவர் எடுத்த குழந்தைகளின் படங்கள் 1979இல் ஐக்கிய நாடுகள் தலைமையகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்த முகங்களில் எதையும் இரண்டாம் தடவை எடுத்திருக்க முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு முகம் இருக்கிறது. பாட்டியின் கடைசிப் படத்தை எந்த ஜாடியில் எவ்வளவு சிக்கரி என்ற கேள்விக்கு விட்டுவிடுவதைக் கலை என்று என்னால் அழைக்க முடியாது.

என் சொல்லையும் அப்படியே ஏற்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரே காட்சியை, ஒரே வெளிச்சத்தில், ஒரு ரோல் முழுக்க எடுங்கள். இருட்டில் மூன்றாக வெட்டி ஒன்றை டி-76இல், ஒன்றை டி-23இல், ஒன்றைக் காபியில் கழுவுங்கள். ஒரே தாளில், ஃபிலிமின் வெற்று ஓரம் முழுக் கறுப்பாக அச்சாகும் குறைந்தபட்ச நேரத்தில் மூன்றையும் பிரிண்ட் போடுங்கள். நிழல் பகுதியை மட்டும் பாருங்கள். வேறு பிராண்டு காபி வாங்கி மாதம் கழித்து மறுபடி செய்யுங்கள். இந்த இரண்டாவது சோதனையைக் காபி மேடைகளில் யாரும் செய்து காட்டுவதில்லை.

மாற்றத் தயாராக இருப்பவருக்கு வேண்டியது அதிகமில்லை. நகை நிறுக்கும் சிறிய டிஜிட்டல் தராசு. மெட்டால், சோடியம் சல்ஃபைட் இரண்டும் ஆய்வகத் தரம் போதும். சல்ஃபைட் என்று எழுதியிருப்பதை இரண்டு முறை படியுங்கள். சல்ஃபேட்டும் பைசல்ஃபைட்டும் வேறு. மழைக்காலத்தில் சல்ஃபைட்டை இறுக மூடி வையுங்கள், ஈரக் காற்றில் அது கெடும். 50 டிகிரி வெந்நீரில் முதலில் ஒரு சிட்டிகை சல்ஃபைட், பிறகு மெட்டால் முழுவதும், அது கரைந்த பிறகே மீதி சல்ஃபைட். வரிசை மாறினால் மெட்டால் கரையாமல் மிதக்கும். கையுறை, தனிப் பாத்திரம், பெயரும் தேதியும் எழுதிய புட்டி, பூட்டிய அலமாரி. தனியாள் கேட்டால் சில கடைகள் சிறிய அளவில் தரத் தயங்கும். மூன்று பேர் சேர்ந்து வாங்கினால் அந்தத் தடையும் போகும்.

பயிலரங்கு நடத்துகிறவர்களிடம் என் கோரிக்கை இதுதான். காபியைக் காட்ட வேண்டுமென்றால் வேதியியல் வியப்பாக ஐந்து நிமிடம் காட்டுங்கள். அதன் பிறகு மேசையில் தராசை வைத்து, வந்திருக்கும் ஒவ்வொருவரையும் 7.5 கிராம் மெட்டால் நிறுக்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் டி-23 கலந்து, சொந்த ரோலை அதில் கழுவவிட்டு அனுப்புங்கள். பாக்கெட் வந்தாலும் வராவிட்டாலும் அவர்கள் இருட்டறை மூடாது. மாற்று டெவலப்பர் கற்பித்தோம் என்று நீங்கள் சொல்லிக்கொள்ளும் தகுதி அன்றைக்குத்தான் வரும்.